பழைய ஜெராக்ஸ் மிஷின், புது உபுண்டு: சாம்பாவுக்குச் சரியான விளக்கம் எங்கேதான் கிடைக்கும்?

கோர்ட்வாசல் ஜெராக்ஸ் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். அருப்புக்கோட்டையில் ஜெராக்ஸ், டைப்பிங், ஸ்கேன் கடை வைத்திருக்கிறேன். கம்ப்யூட்டர் படித்தவன் இல்லை, டைப்ரைட்டிங் ஹையர் பாஸ். லினக்ஸ் கற்றதெல்லாம் கடையில் உட்கார்ந்து தட்டித் தடவிக் கற்றதுதான். தப்பாகச் சொன்னால் திருத்துங்கள். கமாண்டுகளையும் தமிழ் எழுத்திலேயே எழுதுகிறேன், படிக்கிறவர்கள் ஆங்கிலத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

என்னிடம் இருப்பது ஆளுயர மிஷின். 2009-ல் தயாரானது, 2016-ல் செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். எந்தக் கம்பெனி என்பது வேண்டாம், பாவம், இத்தனை வருஷம் சோறு போட்டிருக்கிறது. தாள் கட்டை மேலே வைத்து பட்டனை அமுக்கினால் தானாக ஒவ்வொரு தாளாக இழுத்து ஸ்கேன் செய்து, நேராகக் கம்ப்யூட்டரில் உள்ள ஒரு ஃபோல்டரில் போட்டுவிடும். வக்கீல் குமாஸ்தாக்கள் காலை ஒன்பதரைக்கு 60 பக்கம், 80 பக்கம் என்று கட்டோடு வந்து நிற்பார்கள். பத்தரைக்குள் முடித்தாக வேண்டும். அந்த ஃபோல்டர் வேலை செய்தால்தான் கடை ஓடும்.

கம்ப்யூட்டரில் உபுண்டு என்கிற லினக்ஸ். மிஷின் வாங்கின வருஷம் ஒரு தம்பி வந்து சாம்பா போட்டுக் கொடுத்தார், லினக்ஸில் உள்ள ஃபோல்டரை நெட்வொர்க்கில் மற்ற மெஷின்களுக்கும் திறந்து கொடுக்கிற இலவச சாஃப்ட்வேர் அது. 2018-ல் உபுண்டுவை 18.04-க்கு மாற்றியபோது ஒரு நாள் இந்த வசதி நின்றுபோனது. அதே தம்பி வந்தார், ஒரே ஒரு வரி சேர்த்தார், சரியாகிவிட்டது. டீ குடித்துவிட்டுப் போனார். இப்போது அவர் துபாயில் இருக்கிறார்.

போன ஞாயிறு தைரியமாக நானே 18.04-லிருந்து 20.04, அங்கிருந்து 22.04 என்று இரண்டு தாவலாக ஏற்றினேன். நடுவில் "பழைய அமைப்பு ஃபைலை வைத்துக்கொள்ளவா, புதியதைப் போடவா" என்று கேட்டது. பழையதையே வைத்துக்கொள் என்றேன். எல்லாம் நன்றாக முடிந்தது. திங்கள் காலை மிஷினில் பட்டனை அமுக்கினால், சர்வரோடு இணைக்க முடியவில்லை என்கிறது. ஆனால் மகளின் விண்டோஸ் 10 லேப்டாப்பில் அதே ஃபோல்டர் ஜம்மென்று திறக்கிறது. அங்கேதான் தலை சுற்றுகிறது. பாஸ்வேர்டு தப்பா? கேபிளா? கேபிள் என்றால் லேப்டாப்பும் அதே பெட்டியில்தானே சொருகியிருக்கிறது!

அப்புறம் தேட ஆரம்பித்தேன். ஒரு பக்கத்தில் "செக்யூரிட்டி = ஷேர் என்று போடு" என்றிருந்தது. போட்டேன், பலன் இல்லை, எடுத்துவிட்டேன். இன்னொன்றில் "சாக்கெட் ஆப்ஷன்ஸ்" என்று ஒரு நீளமான வரி, 8192 என்ற எண் இரண்டு தடவை வரும். அந்த வரியை ஏழெட்டு பக்கத்தில் பார்த்தேன், இத்தனை பேர் சொல்கிறார்களே என்று போட்டேன். மூன்றாவது பக்கம், ஃபோல்டருக்கு 777 அனுமதி, அதாவது யார் வேண்டுமானாலும் படிக்கலாம், எழுதலாம் என்ற அனுமதி, கொடுக்கச் சொன்னது. கொடுத்தேன். கடைசியில் மகளின் ஃபோனில் உள்ள சாட்பாட்டிடம் கேட்டோம். அது மிக மரியாதையாக "ஸ்கேனர் கம்பாட்டிபிலிட்டி = யெஸ்" என்று ஒரு வரி கொடுத்தது. பெயரைப் பார்த்ததும் இதுதான் மருந்து என்று நினைத்தேன். ஒன்றும் அசையவில்லை.

மூன்று நாளாக பென்டிரைவைத் தூக்கிக்கொண்டு மிஷினுக்கும் கம்ப்யூட்டருக்கும் நடக்கிறேன். கேலி செய்யாத குமாஸ்தா இல்லை.

மிஷினைச் சரிசெய்ய வழி சொன்னால் புண்ணியம். ஆனால் அதைவிட எனக்கு வேறு ஒரு கேள்வி இருக்கிறது. காசு கொடுத்து வாங்கிய சாஃப்ட்வேர் என்றால் ஒரு ஃபோன் நம்பர் இருக்கும், எடுக்கிறார்களோ இல்லையோ. இந்த மாதிரி இலவச சாஃப்ட்வேரில் ஒரு வரிக்கு என்ன அர்த்தம், அது இன்னும் செல்லுபடியாகுமா என்று யாரிடம் கேட்பது? ஊருக்கு ஒரு வைத்தியர் என்கிற மாதிரி பக்கத்துக்கு ஒரு மருந்து சொல்கிறார்கள். எந்த எழுத்தை நம்புவது?

*

மில்லு சர்வர் எழுதியது:

அண்ணே, மருந்து அப்புறம். முதலில் நாடி பார்ப்போம். மூன்று விஷயம் போடுங்கள்.

1. "எஸ்எம்பிடி -வி" அடித்தால் வருகிற பதிப்பு எண். வி பெரிய எழுத்து.
2. "டெஸ்ட்பார்ம் -எஸ்" அடித்தால் வருவது முழுசாக. சாம்பாவின் அமைப்பு ஃபைலைச் சோதித்துச் சொல்கிற கமாண்ட் அது. மேலே வருகிற எச்சரிக்கைகளை விட்டுவிடாதீர்கள், அதுதான் முக்கியம்.
3. அந்த அமைப்பு ஃபைலின் மேலே உள்ள குளோபல் பகுதியில் "லாக் லெவல் = 3" என்று போட்டு, சாம்பாவை ரீஸ்டார்ட் செய்து, மிஷினில் ஒரு தடவை பட்டனை அமுக்குங்கள். வார் ஃபோல்டருக்குள் லாக், அதற்குள் சாம்பா என்று இருக்கும். அதில் மிஷினின் பெயரிலோ ஐபி நம்பரிலோ ஒரு ஃபைல் இருக்கும். அதன் கடைசி இருபது வரி.

777-ஐ முதலில் மாற்றுங்கள். லேப்டாப்பில் எழுத முடிகிறதென்றால் அனுமதி பிரச்சினையே இல்லை.

*

கோர்ட்வாசல் ஜெராக்ஸ் எழுதியது:

நன்றி தம்பி. மதியம் கூட்டம் குறைந்ததும் செய்தேன்.

பதிப்பு 4.15 என்கிறது.

டெஸ்ட்பார்ம் மானத்தை வாங்கிவிட்டது. முதல் வரியிலேயே, அந்த "ஸ்கேனர் கம்பாட்டிபிலிட்டி" என்பதைத் தனக்குத் தெரியாத அளவுரு என்றும், அதைக் கண்டுகொள்ளப் போவதில்லை என்றும் ஆங்கிலத்தில் சொல்கிறது. இப்படி ஒரு கமாண்ட் இருப்பதே எனக்கு இத்தனை வருஷம் தெரியாது. மற்றபடி என் ஃபைலில் இருப்பவை: அந்த 8192 வரி, "என்டிஎல்எம் ஆத் = யெஸ்" என்று ஒரு வரி (2018-ல் தம்பி சேர்த்தது இதுதான் என்று நினைக்கிறேன்), கடைசியில் [ஸ்கேன்] என்ற ஷேர், அதாவது மிஷினுக்குத் திறந்துவிட்ட ஃபோல்டர்.

லாக்கில், மிஷின் "என்டி எல்எம் 0.12" என்று எதையோ கேட்கிறது. சாம்பா "நோ புரோட்டோகால் சப்போர்ட்டட்" என்று ஆச்சரியக்குறியோடு பதில் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திவிடுகிறது. பாஸ்வேர்டு கேட்கிற கட்டம் வரைக்கும்கூடப் போகவில்லை.

*

சும்மா ஒருவன் எழுதியது:

2009 மிஷினை இன்னும் வைத்துக்கொண்டு சாம்பாவைக் குறை சொல்லி என்ன பயன்? புதுசு வாங்குங்கள்.

*

கோர்ட்வாசல் ஜெராக்ஸ் எழுதியது:

வாங்கலாம் சார். ஒரு பக்கம் ஜெராக்ஸ் என்ன விலைக்குப் போகிறது என்று ஒரு நாள் கடைக்கு வந்து பாருங்கள், டீ என் செலவு. சாம்பாவை நான் குறை சொல்லவில்லை, எங்கே படிப்பது என்றுதான் கேட்டேன்.

*

ஆய்வகத்து அக்கா எழுதியது:

கல்லூரி ஆய்வகத்தில் பதினோரு வருஷமாக இதே வேலை. உங்கள் லாக்கின் அந்த ஒரு வரியிலேயே விடை இருக்கிறது. "என்டி எல்எம் 0.12" என்பது எஸ்எம்பி1 என்கிற பழைய பாஷையின் பெயர். உங்கள் மிஷினுக்கு அது ஒன்றுதான் தெரியும். லேப்டாப்புக்குப் புதிய பாஷை தெரியும், அதனால் அது உள்ளே வருகிறது. 2019 செப்டம்பரில் வந்த சாம்பா 4.11-லிருந்து எஸ்எம்பி1-ஐ இயல்பாகவே மூடி வைத்திருக்கிறார்கள். உபுண்டு 18.04-ல் இருந்தது சாம்பா 4.7. 20.04-ல் 4.11. உங்களிடம் இப்போது 4.15. ஞாயிற்றுக்கிழமை முதல் தாவலிலேயே கதவு சாத்தப்பட்டுவிட்டது.

பழைய அமைப்பு ஃபைலை அப்படியே வைத்துக்கொண்டேன் என்றீர்கள். ஃபைல் மாறவில்லை, உண்மை. ஆனால் ஃபைலில் எழுதாத விஷயங்களுக்குச் சாம்பா தன் இயல்பு மதிப்பை எடுத்துக்கொள்ளும். மாறியது அந்த எழுதாத பகுதி. இதில் ஏமாந்தவர்களில் நானும் ஒருத்தி.

தம்பி 2018-ல் சேர்த்த வரியும் இதே ஜாதிதான். என்டிஎல்எம் பதிப்பு 1 என்பது பழைய பாஸ்வேர்டு முறை. சாம்பா 4.5-லிருந்து அதையும் இயல்பாக நிறுத்தினார்கள். 16.04-ல் இருந்தது 4.3, 18.04-ல் 4.7. நடுவில் 4.5-ஐத் தாண்டியதால் மிஷின் நின்றது, அவர் அந்த வரியைப் போட்டு அனுமதித்தார். பக்கத்தில் ஏன் என்று ஒரு குறிப்பு எழுதி வைத்திருந்தால் உங்களுக்கு இன்று பாதி வேலை மிச்சம்.

இப்போது உங்கள் பெரிய கேள்வி. எந்த எழுத்தை நம்புவது?

உங்கள் கம்ப்யூட்டரிலேயே இருக்கிற எழுத்தை. சாம்பாவை நிறுவும்போதே அதன் கையேடும் கூடவே வந்து உட்கார்ந்துவிடுகிறது. மேன் பேஜ் என்பார்கள். டெர்மினலில் "மேன் எஸ்எம்பி.கான்ஃப்" என்று அடியுங்கள். மிக நீளமானது, மேலிருந்து படிக்க உட்கார்ந்தால் கடையை மூடவேண்டியதுதான். சாய்கோடு ஒன்றைத் தட்டி, தேடவேண்டிய சொல்லை அடித்து என்டர் கொடுங்கள். ஆங்கிலத்து "என்" எழுத்தைத் தட்டினால் அடுத்த இடம், "க்யூ" தட்டினால் வெளியே. இதன் அருமை என்னவென்றால், இது உங்களிடம் இருக்கும் 4.15-க்கென்றே எழுதப்பட்டது. இணையத்தில் சாம்பா தளத்தில் முதலில் கண்ணில் படுகிற மேன் பேஜ்கூட இப்போதைய புதுப் பதிப்புக்கானது, உங்களுடையது அல்ல. உபுண்டுவின் மேன் பேஜ் தளத்தில் உபுண்டு பதிப்பு வாரியாகப் பிரித்து வைத்திருப்பார்கள், ஃபோனில் படிப்பதென்றால் அங்கே படியுங்கள்.

உங்கள் மூன்று மருந்தையும் அதில் தேடிப் பார்த்திருந்தால் என்ன கிடைத்திருக்கும் தெரியுமா? "செக்யூரிட்டி" என்று தேடினால் ஷேர் என்ற மதிப்பே அங்கே இருக்காது. 2012 டிசம்பரில் வந்த 4.0-லேயே அதை எடுத்துவிட்டார்கள். நீங்கள் பார்த்த பக்கம் அதற்கும் முந்தையது. "சாக்கெட் ஆப்ஷன்ஸ்" என்று தேடினால், இந்தக் காலத்து இயங்குதளங்கள் தாமே நன்றாகச் சமாளிக்கும், லினக்ஸில் அளவைத் தானே கூட்டிக் குறைக்கிற வசதி உண்டு, நீ ஒரு எண்ணைக் கொடுத்தால் அந்த வசதி நின்றுவிடும் என்று கையேடே எச்சரிக்கிறது. ஏழெட்டு பக்கத்தில் ஒரே வரி இருந்தது என்றீர்களே, ஏழெட்டு பேர் சோதித்தார்கள் என்று அர்த்தமில்லை. ஒருவர் எழுதியதை ஏழு பேர் நகல் எடுத்திருக்கிறார்கள். ஜெராக்ஸ் கடைக்காரருக்கு நான் சொல்லவேண்டுமா!

சாட்பாட் கொடுத்த வரி அந்தக் கையேட்டில் எங்கேயும் இருக்காது. அங்கே இல்லாத பெயர், சாம்பாவுக்கும் தெரியாத பெயர்.

இரண்டாவது இடம், யூஎஸ்ஆர், ஷேர், டாக் என்று போய் அதற்குள் சாம்பா ஃபோல்டர். அங்கே தொகுப்பாளர்கள் எழுதிய குறிப்புகள் சுருக்கப்பட்ட ஃபைல்களாக இருக்கும், "இசட்லெஸ்" போட்டுத் திறக்கலாம். பெரிய ஏற்றம் செய்வதற்கு முன்னால் சாம்பாவின் வெளியீட்டுக் குறிப்புகளையும் ஒரு பார்வை பாருங்கள். 4.11-க்கான குறிப்பில் எஸ்எம்பி1 விஷயம் தெளிவாக எழுதியிருந்தார்கள்.

மூன்றாவது, சாம்பாவையே கேட்பது. "டெஸ்ட்பார்ம் -எஸ் -வி" என்று (இங்கே வி சின்ன எழுத்து) அடித்தால் நீங்கள் எழுதாதவற்றுக்கும் அது என்ன மதிப்பு வைத்திருக்கிறது என்று கொட்டிவிடும். அதில் "சர்வர் மின் புரோட்டோகால்" என்ற வரியைப் பாருங்கள். எஸ்எம்பி2_02 என்று இருக்கும். அதற்குக் கீழே எதுவும் பேசமாட்டேன் என்று அர்த்தம். அதை "சர்வர் மின் புரோட்டோகால் = என்டி1" என்று மாற்றினால் உங்கள் மிஷின் உள்ளே வரும். ஆனால் அதில் ஆபத்து உண்டு, முதலில் வேலை செய்கிறதா பாருங்கள், அப்புறம் பேசுவோம்.

ஆள் வேண்டுமென்றால் ஆளும் உண்டு. சாம்பாவுக்கு மெயிலிங் லிஸ்ட் இருக்கிறது, அதை எழுதுகிறவர்களே பதில் சொல்வார்கள். எழுதுவதற்கு முன்னால் பழைய கடிதங்களில் தேடிவிடுங்கள், உங்கள் மிஷின் மாதிரி நூறு மிஷின் அங்கே அழுதிருக்கும். காசு கொடுத்தால் ஒரு ஃபோன் நம்பராவது இருக்கும் என்றீர்களே: சாம்பா தளத்தில் எந்த நாட்டில் யார் காசுக்கு உதவி செய்கிறார்கள் என்று பட்டியலே வைத்திருக்கிறார்கள். தமிழில் பேசவேண்டுமென்றால் சென்னையில் லினக்ஸ் பயனர் குழு இருக்கிறது, விழுப்புரத்திலும் ஒரு குழு இருக்கிறது, கணியம் தளத்தில் கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழிலேயே நிறையப் படிக்கலாம். எங்கே போனாலும் மில்லு சர்வர் கேட்ட அந்த மூன்றையும் கையில் எடுத்துப் போங்கள். "ஸ்கேன் வேலை செய்யவில்லை" என்று மட்டும் எழுதினால், டாக்டரிடம் போய் "உடம்பு சரியில்லை" என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்கிற கதைதான்.

*

கோர்ட்வாசல் ஜெராக்ஸ் எழுதியது:

அக்கா, ரெண்டு தடவை படித்தேன். அந்த ஜெராக்ஸ் வரியைக் குமாஸ்தா ஒருவரிடம் படித்துக் காட்டினேன், சிரித்து மாளவில்லை.

நீங்கள் சொன்ன வரியைப் போட்டேன். ரீஸ்டார்ட் செய்தேன். மிஷின் மறுபடியும் அதையே சொன்னது! சரி, இதுவும் ஒரு மருந்துதான் போல என்று மனசு விட்டுப்போனது.

பழைய ஆளாக இருந்தால் மறுபடியும் தேடப் போயிருப்பேன். இந்தத் தடவை டெஸ்ட்பார்மை அடித்தேன். குளோபல் அளவுரு ஒன்று சர்வீஸ் பகுதிக்குள் கிடக்கிறது என்று முதல் வரியிலேயே கத்துகிறது. என்னடா இது என்று மேன் பேஜைத் திறந்து அந்தப் பெயரைத் தேடினேன். பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ஜி என்று ஒரு எழுத்து. வேறு சிலவற்றுக்கு எஸ். மேலே போய்ப் பார்த்தால் விளக்கம் இருக்கிறது: ஜி என்றால் மொத்தத்துக்கும் பொது, குளோபல் பகுதியில்தான் போடவேண்டும். எஸ் என்றால் ஒவ்வொரு ஷேருக்கும் தனித்தனியாகப் போடலாம்.

நான் என்ன செய்திருந்தேன்? ஃபைலின் கடைசியில் போய் வரியைச் சேர்த்திருந்தேன். கடைசியில் இருப்பது [ஸ்கேன்] பகுதி. அது அந்த ஷேருக்குள் போய் விழுந்திருக்கிறது, சாம்பா அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பத்திரத்தில் சொத்து விவரம் எழுதவேண்டிய இடத்தில் சாட்சி கையெழுத்தைப் போட்ட மாதிரி.

வரியை வெட்டி மேலே [குளோபல்] என்பதற்குக் கீழே ஒட்டினேன். ரீஸ்டார்ட். மிஷினில் ஒரு ரேஷன் கார்டை வைத்து பட்டனை அமுக்கினேன். நான்கு விநாடியில் ஃபோல்டரில் வந்து விழுந்தது. கடைப் பையன் கை தட்டினான்.

ஆபத்து என்றீர்களே, அது என்ன? ராத்திரி தூக்கம் வரவேண்டும்.

*

கேபிள்காரன் எழுதியது:

நான் சொல்கிறேன். 2017 மே மாதம் வான்னாக்ரை என்று ஒன்று உலகம் முழுக்கப் பரவி, ஃபைல்களைப் பூட்டி வைத்துப் பணம் கேட்டதே, அது விண்டோஸின் எஸ்எம்பி1-ல் இருந்த ஓட்டை வழியாகத்தான் ஒரு மெஷினிலிருந்து அடுத்த மெஷினுக்குத் தாவியது. உங்களுடையது லினக்ஸ், அந்த ஓட்டை சாம்பாவில் இல்லை. ஆனால் எஸ்எம்பி1 மொத்தமாகவே பாதுகாப்பு குறைந்த பழைய முறை. நீங்கள் திறந்தது ஜி வகை கதவு. மிஷினுக்காகத் திறந்தாலும் நெட்வொர்க்கில் உள்ள எல்லோருக்கும் திறந்துதான் கிடக்கும். கடையில் வருகிறவர்களுக்கு வைஃபை கொடுக்கிறீர்களா? அதுவும் இதே நெட்வொர்க்கா? ஊர்ப் பத்திரங்கள் எல்லாம் அந்த ஃபோல்டரில்தானே?

குறைந்தபட்சம், [ஸ்கேன்] பகுதியில் "ஹோஸ்ட்ஸ் அலவ்" என்று போட்டு மிஷினின் ஐபியையும் உங்கள் லேப்டாப் ஐபியையும் மட்டும் கொடுங்கள். இது எஸ் வகை, ஷேருக்குள் போடலாம். மேன் பேஜில் பார்த்துவிட்டே போடுங்கள், என்னையும் நம்பாதீர்கள்.

அதைவிட நல்ல வழி, மிஷினில் எஃப்டிபி-க்கு (ஃபைல் அனுப்புகிற இன்னொரு பழைய முறை) ஸ்கேன் அனுப்பும் வசதி இருக்கிறதா பாருங்கள். அந்தக் காலத்துப் பெரிய மிஷின்கள் பலவற்றில் இருக்கும். இருந்தால் சாம்பாவில் அந்தக் கதவை மறுபடியும் மூடிவிடலாம்.

*

மில்லு சர்வர் எழுதியது:

எஃப்டிபி-யில் பாஸ்வேர்டு அப்படியே திறந்த தபாலாகப் போகும். ஒரு பழசுக்கு இன்னொரு பழசு. இதில் எது பாதுகாப்பு என்கிறீர்கள்?

*

கேபிள்காரன் எழுதியது:

போகும்தான், மறுக்கவில்லை. ஆனால் எஃப்டிபி-க்கென்று ஒரு தனிப் பயனர், ஒரே ஒரு ஃபோல்டர், வேறு எதற்கும் பயன்படாத பாஸ்வேர்டு. திருடு போனாலும் அதோடு போகும். லேப்டாப்புகள் பேசுகிற சாம்பா புதிய பாஷையிலேயே இருக்கும். வாடிக்கையாளர் வைஃபையைத் தனியாகப் பிரித்துவிட்டால் இன்னும் நிம்மதி.

*

ஆய்வகத்து அக்கா எழுதியது:

நான் கேபிள்காரர் பக்கம். எங்கள் ஆய்வகத்திலும் ஒரு கிழட்டு ஸ்கேனரை இப்படித்தான் ஒதுக்கி வைத்திருக்கிறோம்.

ஒரு துணுக்கு. சாம்பாவுக்கு அந்தப் பெயர் வந்ததே கம்ப்யூட்டரிலேயே இருந்த ஒரு ஃபைலைத் தேடித்தான். 1992 வாக்கில் ஆஸ்திரேலியாவில் ஆண்ட்ரூ டிரிட்ஜெல் இதை எழுதத் தொடங்கினார். பின்னால் முதலில் வைத்த பெயரை மாற்றவேண்டி வந்தது. எஸ், எம், பி மூன்று எழுத்தும் வரிசையாக வருகிற சொற்களை மெஷினில் இருந்த அகராதி ஃபைலில் தேடினார், அதில் சாம்பா வந்தது. வெளியே போகவே இல்லை பாருங்கள்.

*

கோர்ட்வாசல் ஜெராக்ஸ் எழுதியது:

ரெண்டு நாள் கழித்து வருகிறேன், சனிக்கிழமை லோக் அதாலத், மூச்சு விட நேரமில்லை.

மிஷினோடு வந்த புத்தகம் டிராயரில் எலி கடித்த பாதியாகக் கிடந்தது. நல்லவேளை, எஃப்டிபி பக்கத்தை எலி விட்டு வைத்திருந்தது. மிஷினின் ஐபியை பிரவுசரில் அடித்தால் அதன் உள்ளமைப்புத் திறக்கும் என்று அதில்தான் தெரிந்துகொண்டேன். ஏழு வருஷத்துக்கு மேலாக வைத்திருக்கிறேன், இப்படி ஒரு வாசல் இருப்பதே தெரியாது.

விஎஸ்எஃப்டிபிடி என்கிற எஃப்டிபி சர்வரை நிறுவினேன். ஸ்கேன் என்று ஒரு பயனர், ஒரு ஃபோல்டர். மிஷின் உள்ளே வந்தது, ஆனால் ஃபைலைப் போட முடியவில்லை, 550 என்று ஒரு எண்ணும் அனுமதி இல்லை என்றும் வந்தது. கை தானாக பிரவுசருக்குத்தான் போனது. இழுத்துப் பிடித்துக்கொண்டு "மேன் விஎஸ்எஃப்டிபிடி.கான்ஃப்" அடித்தேன். சாய்கோடு தட்டி "ரைட்" என்று தேடினேன். "ரைட்_எனேபிள்" என்று ஒன்று, இயல்பு மதிப்பு நோ என்று போட்டிருக்கிறது. ஃபைலில் போய்ப் பார்த்தால் அந்த வரி இருக்கிறது, முன்னால் ஒரு வேலிக்குறி (#) போட்டு, வெறும் குறிப்பு என்று அடைத்து வைத்திருக்கிறார்கள். வேலிக்குறியை எடுத்தேன், ரீஸ்டார்ட், முடிந்தது. பதினைந்து நிமிஷம். போன வாரம் மூன்று நாள்.

ஆங்கிலம்தான் கொஞ்சம் இடிக்கிறது. மேன் பேஜ் ஆங்கிலம் கோர்ட் ஆங்கிலம் மாதிரி, ஒரு வாக்கியம் மூன்று வரி போகும். மகளை வைத்துப் படித்தேன். தமிழில் இருந்தால் நன்றாக இருக்கும், யாராவது செய்வதென்றால் டைப் அடித்துத் தர நான் தயார்.

சாம்பாவில் என்டி1 வரியை எடுத்துவிட்டேன். 8192 வரியையும் எடுத்துவிட்டேன். "என்டிஎல்எம் ஆத்" வரியும் இனி தேவையில்லை என்று அக்கா சொன்னதிலிருந்தே புரிந்தது, அதையும் எடுத்துவிட்டு லேப்டாப்பில் சோதித்தேன், திறக்கிறது. 777 போய்விட்டது. வாடிக்கையாளர் வைஃபைக்கு வேறு பெயர், வேறு பாஸ்வேர்டு, உள் நெட்வொர்க்கைத் தொட முடியாதபடி. அதை கேபிள் டிவி பையன் செய்து கொடுத்தான்.

இரண்டு அமைப்பு ஃபைலிலும் ஒவ்வொரு வரிக்கும் மேலே வேலிக்குறி போட்டுத் தமிழிலேயே குறிப்பு எழுதிவிட்டேன். இப்படி: "இந்த வரி எதற்கு, எந்தத் தேதியில் போட்டது, அன்றைக்கு சாம்பா எத்தனாவது பதிப்பு."

துபாயில் இருக்கிற தம்பிக்கு வாட்ஸ்அப்பில் அந்தப் பழைய வரியை அனுப்பி, இதை ஏன் தம்பி போட்டீர்கள் என்று கேட்டேன். ஒரு நாள் கழித்துப் பதில் வந்தது: "அப்ப எங்கேயோ ஒரு பிளாக்ல பார்த்துப் போட்டேன்ணே. எதுக்குன்னு எனக்கே ஞாபகம் இல்ல."